ஹ்யாங் என்ற சொல்லும் பாக் கர்சோனோவும்

ஜாவாவில் எங்கள் டியெங் மேட்டுக்கு வந்துபோகிற எவரும் பாக் கர்சோனோவிடமிருந்து, அதாவது கர்சோனோ ஐயாவிடமிருந்து, தப்பியதில்லை. கந்தகக் குழியின் நாற்றத்திலிருந்துகூட மூக்கில் துணி கட்டித் தப்பிக்கலாம். இவரிடம் அதுவும் செல்லாது. அர்ஜுனன் கோயிலுக்கு எதிரே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில், சாரோங்கைக் கழுத்தோடு போர்த்திக்கொண்டு நிற்பார். பேருந்திலிருந்து இறங்குகிறவரின் கால் தரையில் பட்டதுமே கேள்வி வந்து விழும்.

"டியெங்னா என்ன அர்த்தம் தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்று சொன்னாலும் அவர் காதில் விழாது.

"டின்னா இடம். ஹ்யாங்னா மேல இருக்கிறவங்க, கண்ணுக்குத் தெரியாதவங்க, தெய்வங்கன்னு வெச்சுக்குங்களேன். டி ஹ்யாங், டி ஹ்யாங்னு சொல்லிச் சொல்லித்தான் டியெங் ஆச்சு. ஆக, நீங்க இப்ப நிக்கிறது தேவலோகத்து வாசப்படி."

அந்த வாசப்படியில் வழக்கமாக ஒரு முட்டைக்கோசு லாரி நின்று புகை கக்கிக்கொண்டிருக்கும். வந்தவர்கள் லாரியைப் பார்ப்பார்கள், அவரைப் பார்ப்பார்கள், கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். அவர் வழி காட்டுவார், ஆனால் தேவலோகத்தைக் குறிக்கும் 'கயாங்கான்' என்ற சொல்லுக்கும் விளக்கம் சொல்லி முடித்த பிறகுதான். பாவம், அவசரத்தில் வந்தவர்கள் எத்தனை பேர் காலைப் பின்னிக்கொண்டு நின்று கேட்டிருக்கிறார்கள்! ஜப்பான்காரர்களுக்குப் பேச்சு புரியாது என்பதால் சைகை. கையை மேலே தூக்குவார், கண்ணை மூடுவார், பிறகு தரையைக் காட்டுவார். யாரோ காலமாகிவிட்டார் என்று நினைத்து அவர்கள் குனிந்து வணங்கிவிட்டுப் போவார்கள்.

என் கடை அந்த இடத்தை ஒட்டித்தான் இருக்கிறது. நூடுல்சும், தெம்பே என்கிற சோயாக் கட்டியை மாவில் தோய்த்துப் பொரித்தும் விற்கிறேன். அந்த விளக்கத்தை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். என் எண்ணெய்ச் சட்டிக்கு வாய் இருந்தால் அதுவும் ஒப்பிக்கும்.

மனிதருக்கு வேறு தொழில் இல்லையா என்று கேட்பீர்கள். இதைத் தொழில் என்று யார் சொன்னது? யாரும் அவரை அந்த இடத்தில் நியமிக்கவில்லை. சின்ன வயதில் தொல்பொருள் ஆராய்ச்சிக்காக வந்த ஒரு கூட்டத்துக்குக் கூடாரம் சுமக்கப் போனார். அவர்களில் ஒருவர் போகிற போக்கில் இந்தச் சொல்லைப் பிரித்துச் சொல்லிவிட்டார். சொன்னவர் மறந்திருப்பார். இவர் அதைப் பிடித்துக்கொண்டு அதிலேயே குடியேறிவிட்டார்.

பள்ளிவாசலில்கூட விடவில்லை. "தொழுகையைச் செம்பாஹ்யாங்குன்னுதானே சொல்றோம். செம்பாஹ்னா கும்பிடறது. யாரைக் கும்பிடறது? வார்த்தையிலேயே இருக்கே!" என்று வரிசையில் நின்றபடி பக்கத்து ஆளிடம் ஆரம்பித்தார். இமாம் திரும்பிப் பார்த்து, "பாக், வார்த்தையைப் பிரிக்கிறது இருக்கட்டும். மொதல்ல வரிசையைப் பிரிக்காம நில்லுங்க" என்றார். ஜீப் ஓட்டுகிற போவோ என்ற இளைஞன் வேறொரு விளக்கம் வைத்திருந்தான். அதி என்றால் அழகு, ஆயெங் என்றால் விசித்திரம், இரண்டும் சேர்ந்துதான் டியெங் என்று தன் வண்டியில் ஏறுகிறவர்களிடம் சொல்வான். அது காதில் விழுந்த நாளிலிருந்து கர்சோனோ அவன் ஜீப்பில் கால் வைத்ததில்லை. கொட்டுகிற மழையில் அவன் வண்டியை நிறுத்திக் கூப்பிட்டாலும், தேவலோகத்து ஜலதோஷத்தோடு நடந்தே வீட்டுக்குப் போவார்.

வீடு என்றதும் துமினியைச் சொல்ல வேண்டும். அவருடைய மனைவி. என் கடைக்குப் பின்னால் மேலேறும் சரிவில் உருளைக்கிழங்கு வயல். அவள் அப்பா கொடுத்தது. விதைப்பது அவள், மருந்து அடிப்பது அவள், தோண்டுவது அவள், முதுகுக்கூடையைத் துணியால் மார்போடு இறுகக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்குவதும் அவள். வானத்தை அவரும் மண்ணை அவளுமாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பிரித்தவர் அவர் மட்டும்தான். கூடையோடு அவள் என் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் யாரோ ஒருவருக்குக் கண்ணுக்குத் தெரியாதவர்களைக் காட்டிக்கொண்டிருப்பார். கண்ணுக்குத் தெரிகிறவள் கடந்து போவதை நான் ஒருத்திதான் பார்ப்பேன்.

இவர்களுக்கு ஒரே பெண், லாரஸ். அவளுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது உச்சந்தலை முடி திரண்டு கட்டிக்கட்டியாகச் சடை விழுந்திருந்தது. எங்கள் மேட்டில் சில பிள்ளைகளுக்கு அப்படி வருவதுண்டு. இந்த மேட்டின் ஆதி முன்னோரான கோலோடெத்தே பெரியவர் நம்மிடம் ஒப்படைத்த பிள்ளைகள் என்போம். அந்தச் சடையை நினைத்தபோது வெட்டிவிட முடியாது. பிள்ளை வாயைத் திறந்து ஒன்று கேட்க வேண்டும். கேட்டது எதுவானாலும் கொடுத்துவிட்டுத்தான் கத்தரி வைக்க வேண்டும். கொடுக்காமல் வெட்டினால் காய்ச்சலும் திரும்பும், சடையும் திரும்பும்.

தன் வீட்டிலேயே சடை விழுந்ததும் கர்சோனோவுக்குத் தலைகால் புரியவில்லை. பெண்ணை வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூட்டிவந்து எல்லோருக்கும் காட்டினார்.

"இது என் பிள்ளை இல்லைங்க, ஹ்யாங்குங்களோட பிள்ளை. இது வாயில வர்றது அவங்க பேச்சு. மறுக்க நமக்கு உரிமை கிடையாது" என்று அவர் சொல்லும்போது லாரஸ் மூக்கைச் சிந்தி அவருடைய சாரோங்கில் துடைப்பாள்.

போன வருடம் இந்த மனிதர் ஒரு காரியம் செய்தார். மற்ற பிள்ளைகள் கேட்பதெல்லாம் சில்லறை விஷயமாக இருக்கும். ஒருத்தி கோழி கேட்டாள். ஒருவன் என் கடைத் தெம்பே ஒரு தட்டு கேட்டான், கொடுத்தேன், அங்கேயே தின்று ஏப்பமும் விட்டான். லாரஸிடம் கேட்டால் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவருக்குப் பொறுக்கவில்லை. "வெள்ளாடு கேளு, கண்ணு. வெள்ளாடு வேணும்னு சொல்லு" என்று ஒரு வாரம் பாடம் நடத்தினார். பிள்ளையும் அலுத்துப்போய்ச் சொல்லிவிட்டது. ஆடு வந்தது, கத்தரி வைத்தார்கள். ரமலான் வருவதற்குள் காய்ச்சல் அனலாக அடித்தது, சடை முன்பைவிடத் தடிப்பாக வந்தது. துமினி ராத்திரியெல்லாம் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். அவர் ஆட்டைத் திட்டினார். ஆட்டுக்கு வெட்கம் வந்த மாதிரி தெரியவில்லை.

பிள்ளைகளுக்குச் சடை இறக்கும் திருவிழாவுக்கு இந்த வருடம் விழாக்குழு எங்கெங்கோ ஆள் அனுப்பி அழைத்திருந்தது. மாகாணத்து அதிகாரிகள், தொலைக்காட்சிக்காரர்கள், வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர். குழுத்தலைவர் ஹெந்த்ரோ என் கடைக்கே வந்து கர்சோனோவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாக், இந்தத் தடவை நீங்க மேடையில. உங்களுக்குன்னு நாற்காலி, மைக்கு எல்லாம் உண்டு. சடை இறக்கறதுக்கு முன்னாடி டியெங்கோட அர்த்தத்தை நீங்கதான் சொல்றீங்க."

அன்றைக்கு அவர் நூடுல்ஸ் சாப்பிடவே இல்லை, முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை காலம் லாரிகளுக்கு நடுவே தொண்டை கிழியக் கத்தியவர். மேடையில் ஒரு நாற்காலி! கீழே வோனோசோபோ நகரத்துக்குப் போய்க் கறுப்புச் சட்டையும் தலைப்பாகையும் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தார். அதே மேடையில் லாரஸுக்கும் சடை இறக்குவது என்று முடிவாகியது. பிள்ளை என்ன கேட்கிறது என்பது மட்டும்தான் பாக்கி.

குழுவில் இரண்டு பேரும், சடை இறக்குகிற பெரியவரும் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். நானும் தெம்பே பொட்டலத்தோடு போனேன், வேடிக்கை பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. பெரியவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்ன வேணும் கண்ணு உனக்கு? ஆடு கீடெல்லாம் வேணாம். உன் மனசுல இருக்கிறதைச் சொல்லு."

லாரஸ் யோசிக்கவே இல்லை. "திருவிழா அன்னிக்கு அம்மா அந்த நாற்காலியில உக்காரணும். அப்பா கூடையை மாட்டிக்கிட்டுக் கெழங்கு தோண்டணும். சாயந்தரம் வரைக்கும்."

கர்சோனோ பெரிதாகச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்பது தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

"கண்ணு, அது மறுநாள் வெச்சுக்கலாமே? மறுநாள் அப்பா நாள் பூரா தோண்டறேன்."

"திருவிழா அன்னிக்கு."

"சரி, காலையில தோண்டறேன். மேடை பத்து மணிக்குத்தானே..."

"சாயந்தரம் வரைக்கும்."

அவர் பெரியவர் பக்கம் திரும்பினார். "சின்னப் பிள்ளைங்க, வெளையாட்டுக்குச் சொல்லுது."

"நீதானப்பா ஊருக்கெல்லாம் சொல்லிட்டு இருக்கே? இது வாயில வர்றது ஹ்யாங்குங்க பேச்சுன்னு."

"அது... பொதுவா சொன்னது."

"பொதுவா சொன்னது உன் வீட்டுக்குப் பொருந்தாதா?"

அவர் உடனே மனைவி மேல் பாய்ந்தார். "நீதானே சொல்லிக் குடுத்தே? நாற்காலியில உக்கார ஆசை வந்துருச்சா உனக்கு?"

துமினி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். அவள் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். "எனக்கு எதுக்குங்க நாற்காலி? அறுவடை நேரம், ரெண்டு நாள்ல வியாபாரி லாரி வருது. ஒரு பொழுது முழுக்க உங்க கையில வயலை விட்டா நான் எதை ஏத்தறது? எனக்குப் பயமா இருக்குங்க. ஏ லாரஸ், வேற ஏதாச்சும் கேளுடி!"

பிள்ளையிடம் மூன்று முறை கேட்பது வழக்கம். இரண்டு நாள் விட்டுக் கேட்டார்கள், பிறகு மறுபடியும் கேட்டார்கள். ஒரு சொல் மாறவில்லை. கர்சோனோ நடுவில் சைக்கிள் வாங்கித் தருவதாக ரகசியமாகப் பேரம் பேசிப் பார்த்திருக்கிறார். "போன தடவை ஆடு குடுத்தீங்களேப்பா, எனக்குக் காய்ச்சல் வந்துச்சே" என்று பிள்ளை சொல்லியிருக்கிறது. அதற்கப்புறம் ஹெந்த்ரோவிடம் போய்த் தன் நாற்காலியில் தன் மனைவி உட்காருவாள் என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. இவ்வளவு காலம் கேலி செய்தவள்தான் நான். ஆனாலும் அன்றைக்கு ஒரு தட்டு கூடுதலாக வைத்தேன், காசு வாங்கவில்லை.

திருவிழாக் காலையில் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடந்தது. புதுக் கறுப்புச் சட்டை வீட்டு ஆணியில் தொங்க, பழைய கம்பளிச் சட்டையோடு கர்சோனோ என் கடையைத் தாண்டிச் சரிவில் ஏறினார். முதுகில் கூடை. துணியை எப்படிக் கட்டுவதென்று தெரியாமல் கழுத்தில் முடிந்திருந்தார். இரண்டு கிழங்கு விழுந்தால் கூடை அவரையே தூக்கில் போட்டுவிடும் போலிருந்தது. நான் ஓடிப்போய் மார்புக்குக் குறுக்கே கட்டிவிட்டேன்.

"பாக், மண்வெட்டியைச் செடிக்குத் தள்ளிப் போடணும். கிட்டப் போட்டா கெழங்கு வெட்டுப்படும்."

"தெரியும் யத்மி, தெரியும்" என்றார். முதல் வெட்டிலேயே ஒரு கிழங்கு இரண்டாகப் பிளந்து வெள்ளையாகச் சிரித்தது.

அன்றைக்கு ஊரே கோயில் மைதானத்தில் இருந்தது. என் கடைக்கு ஈ கூட வரவில்லை. ஒலிபெருக்கியை மட்டும் எங்கள் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார்கள். மேடையில் நடப்பதெல்லாம் எனக்கும் அவருக்கும் தெளிவாகக் கேட்டது. மஞ்சள் குடைகளோடு ஊர்வலம் கோயிலுக்குள் வந்தது, பிள்ளைகளைப் பூ மிதக்கும் தண்ணீரில் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள், பெரியவர்கள் வரிசையாக அமர்ந்தார்கள். கர்சோனோ தோண்டிக்கொண்டே முணுமுணுப்பது கேட்டது. டி என்றால் இடம், ஹ்யாங் என்றால்... மேடையில் பேசவேண்டிய நேரத்துக்குச் சரியாக இங்கே பேசிக்கொண்டிருந்தார். கேட்பதற்குத்தான் உருளைக்கிழங்கு தவிர ஆள் இல்லை.

அறிவிப்பாளன் வோனோசோபோப் பையன். விவரம் தெரியாதவன். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் விளக்கம் சொல்லத்தான் வந்திருப்பார்கள் என்று நினைத்து மைக்கை நீட்டிவிட்டான்.

"இப்ப துமினி அம்மா, நம்ம டியெங் என்ற சொல்லோட அர்த்தத்தை நமக்குச் சொல்வாங்க!"

சரிவில் கொத்துகிற சத்தம் நின்றது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றது துமினியின் குரல்.

மைதானத்தில் சிரிப்பு எழுந்தது. பையனும் சிரித்துக்கொண்டு விடாமல் கேட்டான். "உங்க வீட்டுக்காரருதானே ஊருக்கே சொல்றாரு? உங்களுக்குச் சொல்லலையா?"

"வர்றவங்களுக்கெல்லாம் சொல்லுவாருங்க. என்கிட்டச் சொன்னதில்லை."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பையன் கேட்டான், இருந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். சிரிப்பு சட்டென்று அடங்கிவிட்டது. நான் சரிவைத் திரும்பிப் பார்த்தேன். கர்சோனோ மண்வெட்டியை ஊன்றியபடி நின்றிருந்தார். எண்ணெய் கருகும் வாசனை வந்த பிறகுதான் சட்டியை இறக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் ஹெந்த்ரோவே மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். மேடு ஏறி மூச்சிரைக்க நின்றார்.

"பாக், மானம் போகுது. அந்தப் பேராசிரியர் அர்த்தம் என்னன்னு கேட்டுட்டே இருக்காரு. தொலைக்காட்சிக்காரங்க காத்திருக்காங்க. போவோ தன் விளக்கத்தைச் சொல்றேன்னு மைக்கு கேக்கறான்!"

போவோவின் பெயரைக் கேட்டதும் கர்சோனோவின் தோள் துடித்ததைப் பார்த்தேன்.

"பத்து நிமிஷம், பாக். வண்டியில ஏறுங்க, சொல்லிட்டு வந்து தோண்டுங்க. பிள்ளைக்கு எப்படித் தெரியும்? யாரு பாக்கப் போறாங்க?"

யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஹெந்த்ரோ கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணுக்குத் தெரியாதவர்கள் பார்க்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவரிடமா இந்தக் கேள்வி? ஆனால் கர்சோனோ சிரிக்கவில்லை. கோயில் பக்கம் பார்த்தார். மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். கையால் கூடையின் முடிச்சைத் தொட்டார். அவிழ்க்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரை எனக்குத் தெரியாதா என்ன?

"என் பொண்ணுக்கு மறுபடி காய்ச்சல் வரக்கூடாது" என்றார். "போவோவையே சொல்லச் சொல்லுங்க."

ஹெந்த்ரோ என்னைப் பார்த்தார். என்னை ஏன் பார்க்க வேண்டும்? அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். போவோவின் குரல் ஒலிபெருக்கியில் அழகையும் விசித்திரத்தையும் பற்றிப் பேச ஆரம்பித்தது. கைதட்டல் பலமாக இருந்தது. கர்சோனோ குனிந்து தோண்டினார். அதி, ஆயெங் என்று கேட்கும்போதெல்லாம் ஒரு கிழங்கு வெட்டுப்பட்டது.

பிறகு லாரஸின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் நிமிர்ந்து, தலைக்குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பெரியவர் ஓதுவது கேட்டது. கத்தரிச் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்குமா என்று தெரியாது, கேட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது. பெற்ற பெண்ணுக்குச் சடை இறங்குகிற நேரத்தில் பக்கத்தில் நிற்க முடியாமல், முதுகில் கூடையோடு, அந்த மனிதர் முகத்தை மூடாமலே அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் நறுக்கவில்லை, அதனால் அதன் மேல் பழியைப் போடவும் வழியில்லை.

வெயில் சாயும் நேரத்துக்குத் துமினியும் லாரஸும் வந்தார்கள். துமினி இரவல் கெபாயாச் சட்டையும் இறுகச் சுற்றிய சாரோங்குமாக நடக்கத் தெரியாமல் நடந்து வந்தாள். லாரஸின் தலை இலேசாகி, காது இரண்டும் வெளியே தெரிந்தன. குட்டையாகக் கிராப்பு வெட்டிய அந்தத் தலையைக் கர்சோனோ தொட்டுத் தொட்டுப் பார்த்தார். துமினி தலையைப் பார்க்கவில்லை, குவியலைப் பார்த்தாள்.

"ஐயோ, பாதிக்குப் பாதி வெட்டுப்பட்டிருக்கே! இதை எந்த வியாபாரி எடுப்பான்? மாசம் பூரா நாமதான் திங்கணும்." ஒவ்வொன்றாக எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது என்னங்க, இது? இதை என்னன்னு வெட்டினீங்க?"

வார்த்தைக்கு வார்த்தை விளக்கம் சொல்கிற மனிதர் நல்ல கிழங்காகப் பொறுக்கிக் கூடையை நிரப்பினார். முட்டி போட்டு எழுந்தார். துமினி பழக்கத்தில் கை நீட்டினாள், லாரஸ் தடுத்துவிட்டாள்.

"வீடு வர்ற வரைக்கும் அப்பாதான்."

மூவரும் என் கடையைத் தாண்டி மேட்டுத் தெருவில் ஏறினார்கள். நானும் கடையை அடைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் நடந்தேன், என் வீடும் அந்தப் பக்கம்தான். அவர் முன்னால் வளைந்து நடக்க, துமினி சாரோங்கைத் தூக்கிப் பிடித்தபடி பக்கத்தில் வந்தாள்.

"என்னங்க," என்றாள். "அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்? நாளைக்கும் எவனாச்சும் என்னைக் கேப்பான்."

அவர் நின்றுவிட்டார். அவள் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்து நான் கேட்டதேயில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"டின்னா..." என்று ஆரம்பித்தார். மூச்சு முட்டியது. துணி மார்பை அழுத்த, இன்னொரு முறை முயன்றார். "டின்னா இடம். ஹ்..." அதற்கு மேல் வரவில்லை. இருமினார். "மேடு ஏறையில பேச வரலை துமினி. கூடையை இறக்கிட்டுச் சொல்றேன்."

"எனக்கும் அப்படித்தாங்க இருந்துச்சு, இத்தனை வருஷமா," என்றாள் துமினி. "அதான் கேட்டதில்லை."

அவர் அவளைப் பார்த்தபடியே நின்றார். பிறகு குனிந்து, வாயை மூடிக்கொண்டு, மேட்டில் ஏறத் தொடங்கினார்.